மலையைக் காணோம் என்றேன்

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பை சயானில் ஒரு மாடி அறை, பதினான்கு பேர், வெளியே நிற்காத மழை. மாதம் ஒரு புத்தகம் என்று நாங்கள் கூடுகிற கூட்டம்தான். அன்றைக்குப் பேசவேண்டியிருந்தது ஒரு முதல் நாவல். எழுதியவர் திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை மலையில், நாலுமுக்கு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். நவி மும்பையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார், அதனால் கூட்டத்துக்கும் வந்துவிட்டார். அவர் பெயரையும் நாவலின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது மதிப்புரையாகிவிடும். எனக்கு அந்த நாவலைவிட, அதைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்ன சொன்னேன்? “குடும்பம் இருக்கிறது, மலையைக் காணோம்” என்றேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நூறு வருஷத்துக் கதை உள்ள ஒரு தோட்டம், 1999 இருக்கிறது, 2024 இருக்கிறது, இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியைத் தாண்டாமல் 270 பக்கம் எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டேன். அக்காவின் பேரைத் தோட்ட வேலைக்குப் பதியும் அத்தியாயத்தை ‘சீரியல்’ என்றேன். தியாகி அக்காக்களைப் பார்த்துப் பார்த்து நமக்குச் சலித்துவிட்டது என்று வேறு சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டல் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது. அந்த அம்மா கோபப்படவில்லை. “மூட்டத்துல மலை தெரியாதுண்ணே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

ரயிலில் திரும்பும்போது அதை ஒரு சாமர்த்தியமான பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன். குர்லா தாண்டியபிறகு சந்தேகம் வந்தது. அவர் சாமர்த்தியம் காட்டுகிற ஆளாகத் தெரியவில்லையே. கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொன்னாரோ?

ஏறுகிற பஸ், இறங்குகிற பஸ்

மாஞ்சோலை பற்றி இதை வாசிப்பவர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டுக்குள் தேயிலை ஏறியது. குத்தகை முடிய வேண்டியது 2028-ல். ஆனால் 2024-லேயே விருப்ப ஓய்வு, கணக்கு முடிப்பு, வீட்டைக் காலி செய்வது என்று எல்லாம் வந்துவிட்டது. இடையில் 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் தடியடியில் தாமிரபரணிக்குள் விழுந்து 17 பேர் செத்த நாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நாவலில் அதையெல்லாம் தேடினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியின் அலுவலகம் இங்கே மும்பையில், ஃபோர்ட்டில், வாலஸ் தெருவில். 1863-ல் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களின் குடும்பப் பெயரும் வாலஸ்தான். நான் பன்னிரண்டு வருஷம் ஃபோர்ட்டில் வேலை பார்த்தவன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், அங்கே கட்டிங் டீ குடித்திருக்கிறேன். பெயர்ப்பலகையை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இதில் பெரிய அர்த்தம் ஒன்றுமில்லை, சும்மா சொல்கிறேன்.

என் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். தமிழில் மலையைப் பற்றி நான் படித்த பெரிய நாவல்கள் இரண்டு. ஒன்று ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. கணவரின் வேலையை ஒட்டி நீலகிரியில் வாழ்ந்தபோது படகர்களைப் பார்த்து, கேட்டு, பழகி எழுதியது. இன்னொன்று டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தது. தோட்டத்து மருத்துவராக வால்பாறைப் பக்கம் போனவர் எழுதியது. இரண்டையும் நான் மதிக்கிறேன், இரண்டாவதைப் படித்துவிட்டு இரண்டு நாள் டீ குடிக்க முடியாமல் இருந்ததும் உண்டு. ஆனால் இரண்டு பேருமே கீழேயிருந்து மேலே போனவர்கள். மேலே போகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது மலை. கொண்டை ஊசி வளைவு, குளிர், பள்ளத்தாக்கு, மூச்சு முட்டுவது. வாசகனான நானும் அவர்களோடு பஸ்ஸில் ஏறியே பழகியவன். இந்தப் பெண்ணின் நாவலில் முதல் அத்தியாயத்திலேயே பஸ் இறங்குகிறது. நிறைமாதக்காரி ஒருத்தியை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி வெயில் முகத்தில் படும்போது அவள் கண்ணைக் கூசிக்கொள்கிறாள். மலை அவளுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நாளைக்குத் திரும்பி ஏறித்தானே ஆகவேண்டும்.

இது எனக்குக் கூட்டத்தில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றியது அத்தை வீட்டில்.

துணி காயாத ஊர்

அத்தை என்றால் என் தாய்மாமாவின் மனைவி. தாராவியில் இருக்கிறார். மாமா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அத்தை ‘மலையிலிருந்து வந்தவர்’ என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் கேட்டதுமில்லை. எங்கள் சாலில், அதாவது வரிசை அறைக் குடியிருப்பில், வள்ளியூர்க்காரர், களக்காட்டுக்காரர், நாங்குநேரிக்காரர் என்று பலரும் இருந்தார்கள். அந்த வரிசையில் அத்தை மலைக்காரர், அவ்வளவுதான். கூட்டம் முடிந்து மூன்றாவது வாரம் அத்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. டிவி பார்க்கக்கூடாது, குனியக்கூடாது, நான்கு வேளை சொட்டு மருந்து. பொழுது போகாமல் புலம்பினார் என்று மச்சினன் சொன்னான். பையில் அந்த நாவல் கிடந்தது. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். “என்ன கதை?” என்றார். “உங்க மலைக் கதைதான்.” “மலைல என்னய்யா கதை?” என்று சிரித்துவிட்டுச் சாய்ந்து படுத்தார்.

முப்பதாம் பக்கம் வரை சத்தமில்லை, தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அங்கே ஒரு இடம் வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சீருடையை அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறாள். காலையில் போட்டுக்கொண்டு போனால் சட்டை முழுக்கப் புகை நாற்றம். வகுப்பில் புகை நாறுகிற பிள்ளைகள் லைன் வீட்டுப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகள், நாறாத பிள்ளைகள் ஆபீஸ் ஸ்டாஃப் பிள்ளைகள். டீச்சர் பேர் தெரியாமலே மோந்து பார்த்துப் பிரித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். நான் முதலில் படித்தபோது ‘விவரணை அதிகம்’ என்று பென்சிலால் ஓரத்தில் குறித்த பக்கம் அது. அந்தப் பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் வாசித்தேன், கண்ணில் கட்டோடு இருக்கிறவருக்கு அது தெரியாது என்றாலும்.

அத்தை எழுந்து உட்கார்ந்தார். “வெறகைச் சொல்லலயா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “துணிக்கு முன்னால வெறகு காயணும்லா. அடுப்புக்கு மேல பரண் கட்டி அதுல வெறகை அடுக்கிருப்போம். நாளைக்கு எரிக்கிற வெறகு இன்னைக்குக் காயும். அதுக்கு மேலதான் துணி. ஆனி, ஆடியில புடிச்ச மழை, நடுவுல கொஞ்சம் விட்டு, ஐப்பசி, கார்த்திகையில திரும்பவும் வரும். எங்களுக்கு ரெண்டு மழையும் உண்டு பாத்துக்கோ.” செய்தியில் மாநிலத்திலேயே அதிக மழை என்று ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி வருமே, அது எனக்கு ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு. அத்தைக்கு அது காயாத பாவாடை. பிறகு அவர் சொன்னதை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்த முதல் கோடையில், காலையில் துவைத்துக் கொடியில் போட்ட சேலை பன்னிரண்டு மணிக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டதாம். நம்பிக்கை வராமல் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். “ஆசையா இருந்துச்சு எய்யா. திரும்ப நனைச்சுக் காயப்போட்டேன். ஒன் மாமா என்னைக் கிறுக்கின்னு நெனச்சிருப்பாவ.” தண்ணீர்க்குழாயில் சண்டை போட்டு இரண்டு குடம் பிடிக்கிற ஊரில் காய்ந்த சேலையை மறுபடி நனைத்தால் வேறு என்ன நினைப்பார்.

பேர் போட்டால் வீடு

அந்த ‘சீரியல்’ அத்தியாயம் அடுத்த ஞாயிறு வந்தது. வாசிக்காமல் தாண்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கதைப்படி அப்பாவுக்கு ஓய்வு வர ஆறு மாதம் இருக்கிறது. அம்மா இல்லை. தம்பி சின்னவன். அப்பா மகளிடம் ‘நீ வேலைக்குப் போ’ என்று சொல்வதே இல்லை. ராத்திரி கஞ்சி குடிக்கும்போது, தம்பிக்குப் பதினெட்டு ஆக எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்கிறார். அவள் விரல்விட்டு எண்ணிச் சொல்கிறாள். மறுவாரம் ஆபீஸில் அவள் பேரைப் பதிகிறார்கள். இரண்டரைப் பக்கம். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது, அதையும் மீறி நான் எப்படி அதைச் சீரியல் என்றேன் என்பது இப்போது எனக்கே விளங்கவில்லை. அக்கா என்ற சொல்லைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

அத்தை, “இன்னொரு மட்டம் படி” என்றார். படித்தேன். “எத்தனை வருஷம்னு சொல்லுதா அந்தப் பிள்ளை?” “நாலு.” “எனக்கு ஆறு.”

வெளியே யாரோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அது கடக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். 1977. அத்தை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த நேரம். அப்பா வேலையிலிருந்து நிற்கப்போகிறார். நின்றால் லைன் வீட்டைக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த வீடு வேலையோடு வந்தது. கீழே சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. “வீட்டுக்குள்ள ஒரு பேரு இருக்கணும். பேரு இருந்தா வீடு. தம்பிக்குப் பன்னெண்டு வயசு, அவன் பேரைப் போட முடியாது.” ஆக அத்தையின் பேர். காலையில் மஸ்டரில் ஆஜர், சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து, சாயங்காலம் எடை. “கொழுந்து பறிச்சேன்னு எல்லாரும் சொல்லுவாவ. நான் வீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்.” விண்ணப்பம்? “டிரங்குப் பெட்டிக்கு அடியில விரிச்சிருந்தேன். ஈரம் ஏறாம இருக்க.”

அந்த ஆறு வருஷத்தில் மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் ‘அடுத்த வருஷம் பாப்போம்’ என்றாராம். நகைக்கு இல்லாமல் தள்ளிப்போடுகிறார் என்று லைனில் பேசியிருக்கிறார்கள். நகை காரணமில்லை. அவள் கல்யாணமாகிப் போனால் அவள் பேரோடு வீடும் போய்விடும். 1983-ல் தம்பிக்குப் பதினெட்டு ஆனது. அவன் பேர் ஏறியது. அதே வருஷம் அத்தைக்குக் கல்யாணம் ஆகி, தாராவிக்கு வந்து இறங்கினார். வயது 24.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது, அத்தையின் கதைக்காக மட்டுமில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாண வீட்டில் எங்கள் சால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ‘முத்துன பொண்ணு’ என்று பேசிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல் எங்கள் பையன்கள் கூட்டத்துக்கு வந்து சேர்ந்து, முத்தின வெண்டைக்காய் என்று நாங்கள் ஒரு பாட்டே கட்டியிருந்தோம். நானும் பாடியிருக்கிறேன். அத்தை காதில் விழுந்திருக்குமா? கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம்தான், அதற்கு முன்னால் இருந்த நிலையை நினைத்தால் ரொம்ப நல்ல சட்டம். ஆனால் வீடு வேலையில் தொங்குகிறது, வேலை ஒரு பேரில் தொங்குகிறது. யார் படிப்பை நிறுத்துவது, யார் கல்யாணத்தைத் தள்ளுவது, எந்தப் பிள்ளை கீழே போகலாம், எந்தப் பிள்ளை இருக்கவேண்டும் என்பதெல்லாம் கஞ்சி குடிக்கும்போது முடிவாகிற விஷயங்கள். தோட்டத்தின் வரலாற்றை நான் ஊர்வலத்திலும் கோர்ட்டிலும் தேடினேன். அது லைன் வீட்டு அடுப்படியிலும் நடந்திருக்கிறது, நாவல்காரர் அங்கேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1999 நாவலில் இல்லை என்றேனே, இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். டவுனுக்குப் போனவர்கள் பசியோடு வருவார்கள் என்று அம்மா கூடுதலாக உலை வைக்கிறாள். ராத்திரி பஸ் வரவில்லை. மறுநாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். அதற்கடுத்த நாள் அது புளித்துப் பொங்குகிறது. அவ்வளவுதான். இதைத்தான் நான் ‘நழுவல்’ என்று சொல்லியிருந்தேன். அத்தை இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பலசரக்குக் கடைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று நாள் போன் அடித்தும் லைன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். தம்பி அன்றைக்கு ஊர்வலத்துக்குப் போகவில்லை என்பது நான்காம் நாள்தான் தெரிந்ததாம்.

அந்தத் தம்பி 2024-ல் மலையைவிட்டு இறங்கினார். ‘மச்சான் கீழ வந்துட்டான்’ என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டேன், ஏதோ இடம் மாறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை ஆறு வருஷம் பிடித்து வைத்திருந்த வீடு அது. அதே வருஷம்தான் இங்கே தாராவியில் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கிக் கதவுக்குக் கதவு எண் எழுதிக்கொண்டு வந்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. அத்தை வீட்டுக் காகிதமெல்லாம் மாமா பேரில். டிரங்குப் பெட்டியைத் திறந்து மச்சினன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது அத்தை கேட்ட ஒரே கேள்வி, “இதுல எம் பேரு எங்கயாச்சும் இருக்கா?”

குறைகள் அப்படியேதான் இருக்கின்றன

நான் மனம் மாறிவிட்டேன் என்பதற்காக அந்த நாவல் குறையில்லாததாக ஆகிவிடாது. கடைசி எண்பது பக்கம் ஓடுகிறது. 2024-ஐ எட்டிப்பிடிக்க அவசரப்பட்டிருக்கிறார், பதினைந்து வருஷம் ஒரு அத்தியாயத்தில் போய்விடுகிறது. ஆண்கள் இரண்டே வகை, குடிப்பவர்கள், பேசாதவர்கள். எழுத்துப்பிழைகளை யாரும் பார்க்கவில்லை. ‘கொழுந்து’ ஒரு இடத்தில் ‘கொழுத்து’ ஆகியிருக்கிறது. இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லியிருந்தால் அவருக்கு உதவியாகவாவது இருந்திருக்கும். இருக்கிற குறையை விட்டுவிட்டு இல்லாத குறையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

புத்தகம் முடிந்த அன்று அத்தை அதை எழுதியவரிடம் பேசவேண்டும் என்றார். நம்பர் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு மாதிரி ஏதாவது நானும் சொல்லலாம் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வரவேயில்லை. “எந்த லைனு நீ?” என்று தொடங்கினார் அத்தை. லைன் தெரிந்தது, வீட்டு எண் தெரிந்தது, யாருக்கு யார் என்ன முறை என்பது தெரிந்தது, அந்தப் பெண் மகள் முறை என்று ஐந்தே நிமிஷத்தில் முடிவானது. “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க மக்கா” என்றார். பிறகு குரல் மாறியது. “ஆனா அட்டை கடிச்சா உப்பு வைப்பாவன்னு எழுதியிருக்கியே, அது எந்த ஊர்ல? அந்த ஈரத்துல உப்பு எங்க கல்லா நின்னுச்சு, ஜாடிக்குள்ளயே தண்ணியாத்தான கெடந்துச்சு. சுண்ணாம்புல்லா வைப்போம்.” அந்தப் பக்கம் அவர் ஏதோ மறுத்தார். எங்கள் வீட்டில் உப்புத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். “ஒங்க வீட்டுல வெத்தல போடுத ஆளு இல்லியா அப்போ?” என்று அத்தை விடவில்லை. இருபது நிமிஷம் இதே ஓடியது. சொட்டு மருந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினேன். போனைப் பொத்திக்கொண்டு என்னிடம், “அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாத்தச் சொல்லு” என்றார்.